தெற்கு பார்த்த ஜன்னல்

1

போன வாரம் செண்பகத்திடமிருந்து கடிதம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் மூன்று வருஷம் பௌதிகம் நடத்தினேன். அப்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டே என்னைத் திணறடித்தவள் அவள். இன்றைக்கு அதே கல்லூரியில், நான் விட்டுவிட்டு வந்த வேலையில் இருக்கிறாள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் ஏர்மெயில் உறையின் பின்பக்கத்தில் கல்லூரி முகவரியைப் பார்த்தவுடன் அதை மேஜைமேல் வைத்துவிட்டு, துணி மடிக்கிற வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் பிரித்தேன்.

"கிருபா மிஸ், நீங்கள் அமெரிக்கா போய்ப் பத்து வருஷம் ஆகப் போகிறது. துருவ ஒளியைப் பார்த்துவிட்டீர்களா? எங்கே, எந்த மாதம் போனால் பார்க்கலாம்? போட்டோ எடுத்திருந்தால் ஒன்று அனுப்புங்கள். வகுப்பில் காட்டுகிறேன்."

அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். நீளமான கண்ணாடிக் குழாயிலிருந்து பம்பு வைத்துக் காற்றை உறிஞ்சிவிட்டு, மின்சாரம் பாய்ச்சி, ஆய்வகத்தின் ஜன்னல்களைச் சாத்திவிடுவேன். குழாய்க்குள் ரோஜா நிறத்தில் வெளிச்சம் நெளியும். "இதையே வானம் முழுக்க நினைச்சுப் பாருங்க, அதுதான் துருவ ஒளி" என்பேன். அன்றைக்கு செண்பகம் எழுந்து, "மிஸ், நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம் ஆகி, மாப்பிள்ளை அமெரிக்காவில் படிக்கிறார் என்று தெரிந்ததும், வகுப்பே சேர்ந்து, "பாத்துட்டு வந்து சொல்லுங்க மிஸ்" என்று வழியனுப்பி வைத்தது.

எங்கே, எப்போது என்பதற்குப் பதில் சொல்வது சுலபம். அலாஸ்காவின் நடுப்பகுதியும் வட கனடாவும்தான் சிறந்த இடங்கள். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் மினசோட்டாவின் வடக்கு ஓரத்துக்கோ மெய்ன் மாநிலத்தின் வடகோடிக்கோ போகலாம். செப்டம்பர் கடைசி, அக்டோபர், மார்ச் நல்ல மாதங்கள். கோடையில் அலாஸ்கா பக்கமெல்லாம் சரியாக இருட்டுவதே இல்லை. அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். ஊர் விளக்குகள் தெரியாத இடத்தில், வடக்கே மரமோ மலையோ மறைக்காமல் நிற்க வேண்டும். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாகும் வருஷங்களில் வாய்ப்பு கூடும். இப்போது அப்படிப்பட்ட வருஷங்கள்தான்.

போட்டோவுக்கு நானூறு வேக ஃபிலிம். அசையாத முக்காலி. லென்ஸை முழுதாகத் திறந்துவைத்து, ஃபோகஸைக் கடைசிவரை திருப்பி, பதினைந்திலிருந்து முப்பது விநாடி வரை ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். விரலால் அமுக்கினால் ஆடிவிடும், கேபிள் வேண்டும். பாட்டரியில் ஓடுகிற காமிரா குளிரில் செத்துப்போகும், பழைய காமிராதான் நல்லது. வீட்டுக்குள் கொண்டுவரும்போது பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸெல்லாம் வியர்த்துவிடும்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறாளே, அதற்குத்தான் என்ன எழுதுவது என்று ஒரு வாரமாகத் தெரியவில்லை. நாளைக்குத் திங்கள்கிழமை, கொலம்பஸ் தின விடுமுறை. அந்த இரவு நடந்து ஒரு வருஷம் ஆகிறது.

2

நியூ ஜெர்ஸி மாநிலத்தின் பார்சிப்பனி என்ற ஊரில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி அபார்ட்மெண்ட். காலை ஏழரைக்கு என் கணவர் சாமுவேல் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் போவார். எட்டேகாலுக்கு மகள் பியூலா ஸ்கூல் பஸ்ஸில் ஏறுவாள். மூன்றரை மணிவரை வீட்டில் நான் மட்டும்தான். என் விசாவில் வேலை செய்யக்கூடாது. அவர் மாணவராக இருந்தபோது மாணவரின் மனைவி விசா. அவருக்கு வேலை கிடைத்ததும் வேலை பார்ப்பவரின் மனைவி விசா. எழுத்தும் எண்ணும்தான் மாறின. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்றில் ஆய்வக உதவியாளர் வேண்டும் என்று விளம்பரம் வந்தபோது போன் செய்து பார்த்தேன். அந்த அம்மாள் என் படிப்பைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். விசாவைக் கேட்டவுடன் குரலைத் தாழ்த்தி, கிரீன் கார்டு வந்ததும் கட்டாயம் கூப்பிடுங்கள் என்றாள். அது நாலு வருஷத்துக்கு முன்னால்.

கிரீன் கார்டுக்கு அவருடைய கம்பெனிதான் மனுப் போட்டிருக்கிறது. வரும்வரை அவர் வேலையை மாற்ற முடியாது. மேலதிகாரி என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறார். ஊருக்குப் போனால் திரும்பி வருவதில் சிக்கல் வரலாம் என்று வக்கீல் சொன்னதால், என் அப்பாவின் அடக்கத்துக்குக்கூட நான் போகவில்லை. எங்கள் மூன்று பேரில் பியூலா மட்டும்தான் இந்த நாட்டுக்காரி. இங்கே பிறந்தவள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்கு முழுக்கப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும்.

போன வருஷம் அக்டோபரில் கொலம்பஸ் தினத்தை ஒட்டிய நீண்ட வார இறுதியும் அமாவாசையும் சேர்ந்து வந்தன. காலண்டரில் அதை நான் காட்டியதும் சாமுவேல் ஒரு நிமிஷம் யோசித்தார். அவருக்குப் போட்டோவில் பைத்தியம் உண்டு. மாணவராக இருந்தபோது வாங்கிய காமிராவை இன்றும் துடைத்துத் துடைத்து வைத்திருப்பார். மூன்று ராத்திரி தங்குவதற்கு மெய்னின் வடகோடியில் ஒரு மோட்டலைப் பிடித்தார். பாஸ்போர்ட்டெல்லாம் விசா நீட்டிப்புக்காக வக்கீல் ஆபீஸில் இருக்கிறதே என்று கேட்டேன்.

"நாம எங்க கனடாவுக்கா போறோம்? மேப்ல ஸ்கேல் வெச்சே பாத்துட்டேன். நாம நிக்கப்போற இடம் பார்டர்லேர்ந்து ஒரு மைல் உள்ள இருக்கு. பயப்படாத" என்றார்.

ஒன்பது வருஷத்தில் நான் ஆசைப்பட்டதற்காக நாங்கள் கிளம்பிய முதல் பயணம் அதுதான்.

3

சனிக்கிழமை விடியுமுன் புறப்பட்டு, எலுமிச்சைச் சாதமும் அவித்த முட்டையுமாக வழியெல்லாம் சாப்பிட்டுக்கொண்டு, பொழுது சாயும்போது போய்ச் சேர்ந்தோம். உருளைக்கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்தது. கிளறிவிட்ட மண் வாசனை காருக்குள் வந்தது. மோட்டலில் பெட்டியை வைத்துவிட்டு, வயல்களுக்கு நடுவே போகும் மண் ரோடு ஒன்றில் காரை ஓரம்கட்டினோம். வடக்கே நல்ல திறந்த வெளி. சாமுவேல் முக்காலியை விரித்து, காமிராவை மாட்டி, ஷட்டரை எப்படித் திறப்பது, எப்படி மூடுவது என்று பியூலாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். இருபது எண்ணணும் என்றார். அவள் ஸ்கூலில் கற்றுக்கொண்டபடி, ஒவ்வொரு எண்ணும் சரியாக ஒரு விநாடி பிடிக்க, கூடவே மிஸிஸிப்பி என்ற வார்த்தையைச் சேர்த்து எண்ணிக் காட்டினாள்.

ஏழு மணி இருக்கும். ஒரு ஜீப் எங்கள் பின்னால் வந்து நின்றது. எல்லைக் காவலர் ஒருவர் இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், நரைத்த மீசை. யாரோ தெரியாத கார் நிற்கிறது என்று வயல்காரர் ஒருவர் போன் செய்தாராம். மரியாதையாகத்தான் பேசினார். எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்டார். இந்தியா என்று சொன்னதும் காகிதங்களைக் கேட்டார். சாமுவேல் டிரைவர் லைசென்ஸைக் கொடுத்தார். பாஸ்போர்ட் வக்கீலிடம், அதற்கான ரசீது வீட்டு மேஜை டிராயரில். ஒரு நகலாவது கையில் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாதா என்று காவலர் கேட்டார். தெரியும். எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

அவருடைய ஜீப்பின் பின்னாலேயே எங்கள் காரை ஓட்டிக்கொண்டு அவர் ஆபீஸுக்குப் போனோம். சின்னக் கட்டடம். உள்ளே ஒரு மேஜை, நாலு நாற்காலி, ட்யூப்லைட். அவர் எங்கேயோ போன் செய்து எங்கள் பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொன்னார். விடுமுறை என்பதால் பதில் வர நேரமாகும், அதுவரை இந்த அறையில் இருங்கள் என்றார். எங்களுக்குக் காபியும் பியூலாவுக்குச் சாக்லேட் பாலும் கொண்டுவந்தார். அவள் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அவருடைய பெரியம்மா பெயரும் பியூலாதானாம், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு யாரும் அந்தப் பெயர் வைப்பதில்லை என்றார். எங்கே பிறந்தாய் என்று கேட்டார். நியூ ஜெர்ஸி என்று அவள் சொன்ன விதத்திலேயே திருப்தியாகிவிட்டார். அவளிடம் எந்தக் காகிதமும் கேட்கவில்லை.

சாமுவேல் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு தடவை மட்டும் என் பக்கம் குனிந்து, "இது ரெக்கார்ட்ல ஏறுமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்?

ஒன்பதே முக்கால் இருக்கும். சிகரெட் குடிக்க வெளியே போன காவலர் உடனே திரும்பி வந்தார். காமிராப் பையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். வந்துவிட்டது, இந்த வருஷத்திலேயே இதுதான் பெரியது என்றார்.

நான் எழுந்துவிட்டேன். வாசலில் ஒரே ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாமா என்று இங்கிலீஷில் கேட்டேன். நான் பௌதிகம் படித்தவள், இதைப் பற்றிப் பாடம் நடத்தியவள் என்றும் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சங்கடப்பட்டார். இன்றைக்கு இங்கே தான் ஒரே ஆள், பதில் வரும்வரை உங்கள் இருவரையும் அறையை விட்டு வெளியே விடக்கூடாது, மன்னிக்கவேண்டும் என்றார். குழந்தை அப்படியில்லை, குழந்தையைப் பிடித்து வைக்கத் தனக்கு அதிகாரமே இல்லை, அவள் வேண்டுமானால் தன்னோடு வாசல்வரை வரலாம் என்றார்.

நான் இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தேன். சாமுவேல் என் கையைப் பிடித்தார். "கேக்காத கிருபா. விடு. கோபம் வந்துடப் போகுது."

காவலருடையது கோபம் வருகிற முகமாகவே இல்லை. இருந்தாலும் நான் உட்கார்ந்தேன். சாமுவேல் எழுந்து காமிராவில் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பி வைத்து, முக்காலியோடு காவலரிடம் கொடுத்தார். பியூலா என்னைப் பார்த்தாள். போ என்று தலையசைத்தேன். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

அந்த அறைக்கு இருந்தது ஒரே ஒரு ஜன்னல். அது தெற்கே பார்த்தது. எங்கள் கார் நிற்பது மட்டும்தான் தெரிந்தது. நட்சத்திரம் நன்றாகத் தெரியட்டும் என்று காவலர் வெளி விளக்கை அணைத்திருக்க வேண்டும், கார் இருட்டில் மறைந்தது. நான் ஜன்னலில் முகத்தை ஒட்டி, ட்யூப்லைட் மறைக்க இரண்டு கையையும் கண்ணுக்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் காரின் முன்கண்ணாடியில் லேசான பச்சை தெரிந்த மாதிரி இருந்தது. அது அசைந்த மாதிரியும் இருந்தது. என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தபோது இல்லை. அது நிஜமா, என் ஆசையா என்று இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் பியூலாவின் குரல் கேட்டது. "ஒன் மிஸிஸிப்பி, டூ மிஸிஸிப்பி." இருபதுவரை எண்ணினாள். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அறைக் கதவு பூட்டியிருக்கவில்லை. வாசல் பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். நான் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போயிருக்கலாம் என்று இந்த ஒரு வருஷத்தில் எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

அரைமணி கழித்து அவள் உள்ளே வந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. எந்தப் பக்கமிருந்து எழும்பியது, அடியில் என்ன நிறம், மேலே என்ன நிறம் என்று நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன்.

"இட் வாஸ் க்ரீன், அம்மா. அண்ட் இட் மூவ்ட்."

"எப்படி மூவ் ஆச்சு? சொல்லுடா."

அவள் கையைத் தூக்கி மெதுவாக ஆட்டிக் காட்டினாள். திருப்தியில்லாமல் இன்னொரு மாதிரி ஆட்டினாள். கடைசியில் கையைக் கீழே போட்டுவிட்டாள். "ஐ கான்ட் எக்ஸ்ப்ளெய்ன். யூ ஹாட் டு பி தேர்."

அங்கே இருந்திருக்க வேண்டுமாம். ஸ்கூலில் பிள்ளைகள் சொல்வதைத்தான் சொன்னாள், வேறொன்றும் இல்லை.

4

பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, போகலாம் என்றார் காவலர். சாமுவேலின் கையைக் குலுக்கி, இனிமேல் நகலைக் காரிலேயே வையுங்கள் என்றார். வாசலுக்கு வந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன். மேகம் மூடிவிட்டிருந்தது. ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

இன்னும் இரண்டு ராத்திரி பாக்கி இருக்கிறதே, நாளைக்குப் பார்க்கலாம் என்று மோட்டலில் சொன்னேன். அவர் ஷூவைக் கழற்றாமலேயே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம் கிருபா. இங்க இருக்கவே எனக்கு மூச்சு முட்டுது. காலைல கிளம்பிடலாம்."

"வீட்டுக்குப் போனா மட்டும் முட்டாதா?" என்று கேட்டேன். அவர் ஷூவைக் கழற்ற ஆரம்பித்தார். கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது. மேப்பை வைத்து ஸ்கேலால் அளந்தவர் அவர்தானே. எனக்காகத்தான் அளந்தார்.

திரும்பி வரும் வழியில் பியூலாவிடம், நடந்ததை யாரிடமும் சொல்லக்கூடாது, ஸ்கூலில், சர்ச்சில், எங்கேயும் என்றார். "அப்பா ஆபீஸ்ல தெரிஞ்சா கிரீன் கார்டுக்குப் பிரச்சனை ஆயிடும்டா."

"டிட் வீ டூ சம்திங் பேட்?"

இல்லை என்றேன் நான்.

"தென் வை இஸ் இட் எ சீக்ரெட்?"

அடுத்த டோல் பூத்துக்குச் சில்லறை தேடுவதுபோல அவர் குனிந்துகொண்டார்.

ஃபிலிமைக் கழுவக் கொடுத்தோம். நெகட்டிவ் மட்டும் வந்தது. மூன்று படமும் பிரிண்ட் போட லாயக்கில்லை, எல்லாம் இருட்டு என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தார்கள். பரவாயில்லை, போட்டுத்தான் கொடுங்கள் என்று சாமுவேல் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்று முழுக்கக் கறுப்பு. ஒன்று ஆடிப்போயிருந்தது. மூன்றாவது அருமையாக வந்திருந்தது. கீழே கறுப்பாக ஊசியிலை மரங்கள். மேலே பச்சைப் பட்டை ஒன்று மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. அதன் மேல்விளிம்பில் ரத்தச் சிவப்பு. எட்டு வயதுக் குழந்தை எடுத்தது என்று யாரும் நம்பமாட்டார்கள். அவர் அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டினார். அதற்கு நேரெதிரே சோபா. தினமும் நான் துணி மடிப்பது அங்கேதான்.

இந்த வருஷம் மார்ச்சில் சூரியனில் பெரிய கொந்தளிப்பு வந்து, கனடாவில் ஒரு மாநிலமே மின்சாரமில்லாமல் இருண்டது. துருவ ஒளி ஃப்ளோரிடாவரை தெரிந்ததாம். மறுநாள் காலை ரேடியோவில்தான் கேட்டேன். அப்படியானால் எங்கள் அபார்ட்மெண்டுக்கு மேலேயும் வந்து போயிருக்கிறது. அந்தச் சமயத்தில் நாங்கள் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வக்கீலுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை மூன்றாவது தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தோம். பிறகு ஒரு வாரம் தினமும் படுக்கப் போகுமுன் பால்கனியில் நின்று வடக்கே பார்த்தேன். ஹைவே விளக்குகளின் ஆரஞ்சுப் புகைதான் தெரிந்தது.

5

போன மாதம் எங்கள் வீட்டில் ஜெபக் கூட்டம். நியூ ஜெர்ஸித் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு, மாதம் ஒரு வீட்டில் கூடுவோம். ஜெபம் முடிந்து சாப்பாட்டுத் தட்டோடு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். தன்ராஜ் என்று ஒரு டாக்டர். அவருக்கும் போட்டோவில் ஆர்வம். சுவரில் மாட்டியிருந்த படத்தருகே போய் நின்று, எந்த லென்ஸ், எத்தனை விநாடி என்று கேட்டார். சாமுவேல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பிசிக்ஸ் லெக்சரராச்சே. போட்டோல இப்படி இருக்கு, நேர்ல பாக்கறப்போ எப்படிங்க இருந்தது? இவ்வளவு கலர் கண்ணுக்குத் தெரியுமா?"

நான் சாமுவேலைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்த பிரியாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருந்தது. ரொம்ப நல்லா இருந்தது" என்றார்.

தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பியூலா, "அங்கிள், ஐ டுக் தட் பிக்சர்" என்றாள்.

எல்லாரும் ஆச்சரியப்பட்டுப் பாராட்டினார்கள். டாக்டர் குனிந்து, "வெரி குட். நீ போட்டோ எடுக்கறப்போ அப்பாவும் அம்மாவும் என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

பியூலா தலையைத் தூக்கி முதலில் அப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சாமுவேலின் முகம் அந்த ஆபீஸ் அறையில் இருந்த மாதிரியே ஆகிவிட்டிருந்தது. இந்த வீட்டில் விருந்தாளிகள் முன்னால் அவள் தமிழ் பேசி எனக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்குப் பேசினாள். ஒரு எழுத்துப் பிசகாமல், நிதானமாகப் பேசினாள்.

"அம்மாவும் அப்பாவும் கார்ல தூங்கிட்டாங்க அங்கிள். ரொம்ப தூரம் டிரைவ் பண்ணதுல டயர்டு."

எல்லாரும் சிரித்தார்கள். அவ்வளவு தூரம் போய்த் தூங்கினீர்களா என்று ஒரு ஆன்ட்டி என் தோளில் தட்டினாள். சாமுவேலும் சிரித்தார். நானும் சிரித்தேன். பியூலா மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள்.

அவர்கள் எல்லாரும் போன பிறகு, பாத்திரம் கழுவும்போது அவளைக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். தோளைக் குலுக்கினாள்.

"அப்பா லுக்ட் ஸ்கேர்ட்."

அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஈரக் கையைத் துடைத்தேன். அதற்குள் அவள் டி.வி. பார்க்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து சர்ச்சில், கடையில், எங்கே பார்த்தாலும் நாங்கள் துருவ ஒளியைப் பார்க்கப் போய்த் தூங்கிவிட்டு வந்த தம்பதி. சாமுவேலுக்கு அதில் நிம்மதி. கேட்கிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்லிச் சிரிக்கிறார். நான் மறுப்பதில்லை. செண்பகத்துக்கும் இன்னும் பதில் எழுதவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இந்தப் பக்கத்தைப் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அந்த ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை.